ஆறு சதவீதமும் மூன்றாவது ஆசிரியரும்

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

தென் மாவட்டம் ஒன்றில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 11 ஆண்டுகளாக இடைநிலை ஆசிரியையாக இருக்கிறார். பள்ளியில் 68 பிள்ளைகள். தலைமை ஆசிரியரையும் சேர்த்து ஆசிரியர்கள் இரண்டே பேர். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் அன்றைக்கு ஐந்து வகுப்புகளும் மற்றவர் தலையில். இந்த ஆதங்கத்தில், அரசு எதற்கு முதலிடம் தர வேண்டும் என்று 16 பக்கம் எழுதி வைத்திருக்கிறார். அதைச் சிறுநூலாக அச்சிட்டு அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர், நாளிதழ்கள் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும் என்பது ஆசை. இலவசங்களை நிறுத்திப் பணத்தைப் பள்ளிகளுக்குத் தர வேண்டும், வரி கட்டுபவர்கள்மேல் மட்டும் சுமை ஏற்றுவது அநியாயம், கல்விக்கு நாட்டின் மொத்த வருமானத்தில் ஆறு சதவீதம் ஒதுக்காவிட்டால் நீதிமன்றம் போவோம், அரசு ஊழியர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று சட்டம் வர வேண்டும் என்பவை அதில் முக்கியமானவை. படித்துப் பார்த்த தலைமை ஆசிரியர், "வேலைக்கு நீயே உலை வைத்துக்கொள்ளாதே அம்மா, 17(பி) வந்தால் யாரும் காப்பாற்ற முடியாது" என்றாராம். பெருந்தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கையைத்தான் அப்படிச் சொல்கிறார். மாவு மில் நடத்தும் கணவரோ, "என் பெயரில் போட்டுவிடலாம்" என்கிறார். எழுதலாமா, வேலை போகுமா, எழுதியது சரிதானா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

சகோதரி, உங்கள் 16 பக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அழுவதைக் காதில் வாங்கிக்கொண்டு, கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்வதை எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன். நானும் ஈராசிரியர் பள்ளியில் படித்தவள். அதனால் இந்தப் பதிலில் வழக்கறிஞர் பேசும் இடமும் உண்டு, அந்தப் பள்ளியின் பழைய மாணவி பேசும் இடமும் உண்டு.

கருத்து வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம். அரசு வேலைக்கு வரும்போது பேச்சுரிமை தரும் அரசியலமைப்பின் 19-வது உறுப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. பீகார் அரசு ஊழியர்கள் தொடுத்த காமேஷ்வர் பிரசாத் வழக்கில் 1962-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஊழியர்கள் எந்த வகை ஆர்ப்பாட்டத்திலும் கலந்துகொள்ளக் கூடாது என்ற மொத்தத் தடை அந்த வழக்கில் அடிபட்டுப் போனது. வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது. 2003-ல் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்ததற்காக ஊழியர்களும் ஆசிரியர்களும் கூட்டம் கூட்டமாகப் பணிநீக்கம் செய்யப்பட்டபோது, ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையே இன்னும் கடுமையான குரலில் திருப்பிச் சொன்னது. உங்கள் தலைமை ஆசிரியரின் பயம் அந்த ஆண்டிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். அவரைக் கோழை என்று எண்ணிவிடாதீர்கள்.

இன்னொரு தீர்ப்பு உங்கள் நிலைமைக்கு நெருக்கமானது. திரிபுராவில் ஓய்வுபெறச் சில நாட்களே இருந்த ஓர் அரசு ஊழியை, அரசியல் கூட்டத்துக்குப் போனதாகவும் முகநூலில் எழுதியதாகவும் சொல்லித் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அரசு ஊழியருக்கும் சொந்த நம்பிக்கைகள் உண்டு, நடத்தை விதிகளின் எல்லைக்குள் அவற்றை வெளியிடவும் உரிமை உண்டு என்று திரிபுரா உயர் நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அது நம் உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. எடுத்துக்காட்டி வாதிடலாம், அவ்வளவுதான்.

இப்போது கசப்பான பகுதி. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களாகிய உங்களுக்கு 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் பொருந்தும். கட்சியில் சேர்வது, கட்சிக்கு நிதி தருவது, தேர்தலில் வாக்குக் கேட்பது எல்லாம் அதில் தடை. தேர்தலில் வேட்பாளரின் முகவராக உட்கார்ந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைகூட உண்டு. நீங்கள் இவை எதையும் செய்யவில்லை. உங்கள் சிறுநூல் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு: அரசின் நடப்புக் கொள்கையைப் பொதுவெளியில் குறைகூறுவதும் அந்த விதிகளில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. 'எந்தக் கட்சியின் பெயரையும் நான் எழுதவில்லையே' என்கிறீர்கள். அது போதாது. உங்கள் 9-ஆம் பக்கம் ஒரு நடப்புத் திட்டத்தைப் பெயர் சொல்லி, 'வாக்குக்காகக் கொட்டும் பணம்' என்கிறது. அந்த ஒரு வரியை வைத்தே குற்றச்சாட்டுக் குறிப்பாணை தயாரித்துவிட முடியும்.

இந்த விதி நியாயமானதா என்று கேட்டால், என் கருத்தில் அது தேவைக்கு மேல் அகலமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தின் நிலையை அன்றாடம் பார்ப்பவரையே பேசாதே என்று சொல்லிவிட்டால், அரசுக்கு உண்மை எங்கிருந்து கிடைக்கும்? ஆனால் அந்த வாதத்தை வெல்ல ஆண்டுக்கணக்காகும். அந்த ஆண்டுகளின் விலையை நானல்ல, நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும்.

17(பி) என்றால் என்ன நடக்கும்?

ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(ஏ) சிறு தண்டனைகளுக்கு, 17(பி) பெருந்தண்டனைகளுக்கு, 17(இ) தற்காலிகப் பணிநீக்கத்துக்கு. 17(பி) என்றவுடனே வேலை போய்விட்டது என்று ஆசிரியர்கள் நடுங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். அது குற்றச்சாட்டு வழங்கும் தொடக்கம்தான். உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும். விசாரணையில்லாமல் பணிநீக்கம் செய்வதை, மிக அரிதான சூழல்கள் தவிர, அரசியலமைப்பின் 311-வது உறுப்பு தடுக்கிறது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராமல் மூன்று மாதங்களுக்கு மேல் ஒருவரைத் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்திருக்கக் கூடாது என்று அஜய் குமார் சவுத்ரி வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

ஆகவே இந்தச் சிறுநூலுக்காக வேலையே போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஊதிய உயர்வு நிற்கலாம், பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் விடுபடலாம், விசாரணை முடியும் வரை மூன்று நான்கு ஆண்டுகள் மனம் அதிலேயே சுழலும். அந்த ஆண்டுகளில் 68 பிள்ளைகளுக்கு நீங்கள் எப்படிப்பட்ட ஆசிரியையாக இருப்பீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எப்போதாவது குறிப்பாணை வந்தால் கோபத்தில் அன்றிரவே பதில் எழுத வேண்டாம். நான் பார்த்த வழக்குகளில் முதல் குற்றத்தைவிட அந்தக் கோபப் பதில்தான் அதிகம் கெடுத்திருக்கிறது.

கணவர் பெயரில் போடும் யோசனை அறவே வேண்டாம். எழுத்து உங்களுடையது, பள்ளி உங்களுடையது. ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் போகாது. விசாரணையில் அது மறைப்பாகத் தோன்றும். உங்கள் கணவர் அரசு ஊழியர் அல்ல. அவருக்கு என்று ஒரு கருத்து இருந்தால் அவருடைய சொற்களில் அவர் எழுதட்டும், யாரும் தடுக்க முடியாது. பள்ளி ஆவணங்களிலிருந்தும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தகவல் தளத்திலிருந்தும் எடுத்த விவரங்களை மட்டும் அவர் கையில் தராதீர்கள். அலுவலகத் தகவலை அனுமதியில்லாமல் வெளியே கொடுப்பது தனிக் குற்றச்சாட்டு ஆகும். அந்த விவரங்கள் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் அவரே மனுப் போடலாம், 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். நீங்களும்கூடக் குடிமகள் என்ற முறையில் கேட்கலாம்.

எழுதியது சரிதானா?

வரி கட்டுபவர்கள்மேல் மட்டும் சுமை என்று எழுதியிருக்கிறீர்கள். வருமான வரி கட்டுவோரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறீர்கள் என்று புரிகிறது. உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் அப்பா கொத்தனாராக இருந்தாலும், அவர் வாங்கும் சிமெண்ட் கரண்டியிலும் செருப்பிலும் செல்பேசிக் கட்டணத்திலும் சரக்கு மற்றும் சேவை வரி இருக்கிறது. அவர் வண்டிக்குப் போடும் பெட்ரோலில் மத்திய அரசின் வரியும் மாநில அரசின் வரியும் இருக்கின்றன. பென்சிலுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் இருந்த வரி 2025 செப்டம்பர் 22-ல்தான் நீங்கியது. அதுவரை உங்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் வரி கட்டியவள்தான்.

நியாயமான பொருளாதாரம் பற்றி எழுத விரும்பினால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: யாரிடமிருந்து குறைவாக வாங்குகிறார்கள்? பெருஞ்சொத்து விட்டு இறந்தவர்களின் சொத்துமேல் இருந்த வரி 1985-ல் போனது. செல்வ வரி 2015 நிதிநிலை அறிக்கையில் நீக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் நிறுவனங்களுக்கான அடிப்படை வரி, சலுகைகளைக் கைவிடுவோருக்கு, 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இவற்றுக்கு ஆதரவாகவும் வாதங்கள் உண்டு. ஆனால் சுமை யார்மேல் என்று பேசுபவர் இவற்றைப் பேசாமல் கொத்தனாரைக் கைகாட்டக் கூடாது.

அடுத்து, இலவசம். இங்கே உங்களோடு எனக்கு நேரடியான கருத்து வேறுபாடு. 2022 செப்டம்பர் 15-ல் 1,545 பள்ளிகளில் காலை உணவு தொடங்கியபோது அதையும் இலவசம் என்றுதான் பலர் ஏளனம் செய்தார்கள். காலையில் சாப்பிட்டு வரும் பிள்ளை முதல் பாடவேளையில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்; 4-ஆம் பக்கத்தில் நீங்களே அதை மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். 9-ஆம் பக்கத்தில் எல்லா இலவசங்களையும் நிறுத்தச் சொல்கிறீர்கள். இரண்டும் ஒரே நூலில் நிற்காது. எண்களையும் பாருங்கள்: 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய், மகளிர் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி. மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கும் பெண்கள் பலர் உங்கள் பிள்ளைகளின் தாய்மார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி சீருடைக்கு மேல் ஒரு சட்டையாகவும் மாலை நேரத்து முட்டையாகவும் மாறுகிறது. பள்ளிக்கு இன்னும் வேண்டும் என்று கேளுங்கள், உரக்கக் கேளுங்கள். அந்தத் தாயின் மடியிலிருந்து எடுத்துக் கொடு என்று கேட்காதீர்கள்.

அரசு ஊழியர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்க வேண்டும் என்பது மக்களுக்குப் பிடித்த கோரிக்கை. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்துக்கு அப்படியே ஓர் உத்தரவும் போட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை. கட்டாயப்படுத்தினால் பெற்றோரின் உரிமை என்று வழக்கு வரும். உங்கள் சொந்த மகளை நீங்கள் உங்கள் பள்ளியிலேயே சேர்த்திருப்பதாக ஓரிடத்தில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். சட்டம் கேட்கும் இரண்டு பக்கத்தைவிட அந்த ஒரு வரி எனக்குப் பெரிதாகப் பட்டது. கல்வியை மாநிலப் பட்டியலுக்குத் திருப்ப வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதில் தவறில்லை. 1976-ல் 42-வது திருத்தம் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனதை மீட்க நாடாளுமன்றத்தில் சிறப்புப் பெரும்பான்மையும் பாதி மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஆறு சதவீதம். 'அரசியலமைப்பு உறுதியளித்த ஆறு சதவீதம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அரசியலமைப்பில் அப்படி ஓர் எண் இல்லை. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி குழுவின் பரிந்துரை அது. 1968 கல்விக் கொள்கை ஏற்றுக்கொண்டது, 2020 கொள்கையும் அதையே சொல்கிறது. ஆனால் கொள்கை என்பது சட்டமல்ல. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ரிட் மனுப் போட்டால், நிதி ஒதுக்குவது சட்டமன்றத்தின் வேலை என்று சொல்லித் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

மூன்றாவது ஆசிரியர்

16 பக்கங்களில் ஓரிடத்திலும் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. நீதிமன்றம் வரை கொண்டுபோய்க் கேட்கக்கூடியது அதுதான்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 25-வது பிரிவையும் கடைசியில் இருக்கும் அட்டவணையையும் எடுத்துப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர்கள். உங்கள் பள்ளியில் 68 பிள்ளைகள். மூன்றாவது ஆசிரியரைத் தர வேண்டியது அரசின் சட்டக் கடமை. யாரும் உங்களுக்குச் செய்யும் உதவி அல்ல அது. விகிதம் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மாவட்டச் சராசரியைக் காட்டித் தப்ப வழியில்லை.

இதைக் கேட்பது அரசை விமர்சிப்பதாகாது. அரசு இயற்றிய சட்டத்தை அரசுக்கு நினைவூட்டுவது. நீங்கள் தனியாகக் கேட்க வேண்டியதும் இல்லை. 21-வது பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 22-வது பிரிவுப்படி அந்தக் குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டம்தான் அரசு தரும் மானியத்துக்கும் திட்டத்துக்கும் அடிப்படையாக இருக்க வேண்டும். அரசின் முன்னுரிமையை மாற்ற வேண்டும் என்று துடிக்கிறீர்கள் அல்லவா? அதை எழுதிக் கொடுக்கும் தாள் ஏற்கெனவே உங்கள் பள்ளி அலமாரியில் இருக்கிறது. பல பள்ளிகளில் அதைப் போன ஆண்டின் தாளைப் பார்த்து அப்படியே நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். இந்த முறை பெற்றோரை உட்கார வைத்து நிரப்புங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்றாவது பணியிடம் கேட்டுத் தீர்மானம். அதைத் தலைமை ஆசிரியர் வழியாகவே வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். நீங்கள் நேரடியாக அமைச்சருக்கு அனுப்பினால் முறையான வழியைத் தாண்டியதாகக் குற்றம் வரும். ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கை எடுத்துப் பணியிட நிர்ணயமும், கூடுதலாக உள்ள ஆசிரியரைத் தேவையுள்ள பள்ளிக்கு மாற்றும் பணி நிரவலும் நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அதற்கு முன்பே தீர்மானம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். வேறு பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் ஒருவரை இரண்டு மாதம் அனுப்பிச் சமாளிப்பார்கள். அதை ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் கோரிக்கையைக் கைவிடாதீர்கள்.

அடுத்து, கிராம சபை. இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதே தீர்மானத்தை அங்கே பெற்றோர் கொண்டுவரட்டும். பிறகு கல்வி உரிமைச் சட்டத்தின் 32-வது பிரிவுப்படி பெற்றோர் ஒருவர் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. அதற்குப் பிறகும் அசையவில்லையென்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. தாய்மார்கள் மனுதாரர்களாக இருந்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அவர்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அந்த உரிமையைத் தந்திருக்கிறது.

இந்த வழி சிறியது என்று நினைத்து வருந்த வேண்டாம். 14 வயது வரை கட்டணமில்லாக் கல்வி என்பது 1950-ல் வெறும் வழிகாட்டும் நெறி. பத்தாண்டுகளில் தர முயல வேண்டும் என்றுதான் 45-வது உறுப்பு சொன்னது. 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் அது உரிமையானது. 2002-ல் அரசியலமைப்பின் 21ஏ உறுப்பு ஆனது. பிறகு சட்டம், பிறகு அட்டவணை, அந்த அட்டவணையில் 61 என்ற எண். நாடு முழுவதும் சிறிய பள்ளிகள் இந்த எண்ணை வைத்துக் கேட்கத் தொடங்கினால் அரசுகள் ஆசிரியர்களை நியமித்தே ஆக வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும். நீங்கள் கேட்கும் ஆறு சதவீதத்தை நோக்கி அது ஒரு படிதான்.

சிறுநூலை என்ன செய்வது? கிழித்துப் போடாதீர்கள். 9-ஆம் பக்கத்தை எடுத்துவிட்டு, வகுப்பறை அனுபவங்களை மட்டும் தனியாகத் தொகுத்து, அச்சிட அனுமதி கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். மறுத்தால் அந்த மறுப்பும் எழுத்தில் வரட்டும். அதை எதிர்த்து வாதாட இடம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்று செங்கல் சூளைக்குப் போன சிறுவனின் பெயரை எழுதியிருக்கிறீர்கள். பெயரையும் ஊரையும் நீக்கிவிடுங்கள். அவன் திரும்பிப் பள்ளிக்கு வரும் நாளில் அந்தத் தாள் அவன் முன்னால் இருக்கக் கூடாது. அவன் 14 வயதுக்கு உட்பட்டவனென்றால் இது நூலில் எழுதும் செய்தி அல்ல. இன்றே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

மேலாண்மைக் குழுத் தீர்மானத்தை நீங்களே எழுதிப் பாருங்கள். முதல் வரியில் 68 என்ற எண்ணும் 2 என்ற எண்ணும் இருக்கட்டும், இரண்டாவது வரியில் பிரிவு 25. ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.